மருதாணிக் கையும் 'சைஸ்' என்ற பெயரும்

என் கல்லூரித் தோழிக்குத் திசையன்விளையில் கல்யாணம். முந்தின நாள் மத்தியானமே பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய்விட்டேன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணைத்தான் காணவில்லை.

"குடோன்ல நிக்கா. நீயாவது போயி இழுத்துட்டு வாம்மா" என்றார் அவள் அம்மா.

அவள் அப்பா முருங்கைக்காய் வியாபாரி. வீட்டை ஒட்டியே குடோன். காய்களை நீளம் பார்த்துக் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று பிரித்துத் தள்ளுகிற இயந்திரம் ஒன்று அங்கே உண்டு. பெல்ட்டையும் தகடுகளையும் உள்ளூர்ப் பட்டறையில் செய்து வாங்கியிருந்தார்கள். அதை ஓட்டும் புரோகிராமை என் தோழி கடைசி வருடப் படிப்பின்போது சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினாள்.

முழங்கை வரை ஈர மருதாணியோடு, கைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்தாள்.

"வாட்டி! நல்ல நேரத்துல வந்த. உக்காந்து நான் சொல்லுததை அடி."

காலையில் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனதாம். அவள் அப்பா புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டார். சாயங்காலம் லாரி வரும்; காய்க் கட்டுகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. கையால் பிரிக்கலாம் என்றால் வேலையாட்கள் எல்லோரும் கல்யாண வீட்டு வேலையில் இருந்தார்கள்.

மெயிலில் கிடந்த பழைய புரோகிராமை இறக்கி, புதுக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றப் பார்த்தேன். திரை முழுக்கப் பிழைகள். எல்லாம் ஒரே பிழைதான்: 'சைஸ்' என்றால் எந்த சைஸ் என்று தெரியவில்லை.

காய்களின் நீள வரம்புகளுக்கு அவள் அன்று வைத்த பெயர் 'சைஸ்'. பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் எதனோடும் மோதவில்லை. புதியதில் இருந்தது மொழியின் பிந்திய பதிப்பு. அந்த மொழியோடு தயாராக வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்ற கட்டளைத் தொகுப்பில், இடையில் யாரோ தனியாக ஒரு 'சைஸ்' சேர்த்துவிட்டார்கள். லைப்ரரிப் பெயர்களை, 'இது லைப்ரரியுடையது' என்று காட்டும் அடைமொழி இல்லாமல் அப்படியே கூப்பிட வைக்கும் ஒரு வரியும் அவள் புரோகிராமின் தலையில் இருந்தது. எங்கள் கல்லூரியில் எல்லோரும் போட்ட வரி.

"என்னம்மா சொல்லுது?" என்று அவள் அப்பா எட்டிப் பார்த்தார்.

"சைஸ்னு ரெண்டு இருக்கு மாமா. நம்ம சைஸா, அவங்க சைஸான்னு கேக்குது."

"நாமதான முதல்ல வச்சோம்?"

"அதைச் சொல்லுங்கப்பா!" மணப்பெண் கொதித்தாள். "நான் எதுக்கு மாத்தணும்?"

அந்த ஒரு வரியை எடுத்துவிடலாம் என்றேன். எடுத்தால் லைப்ரரிப் பெயர் வரும் இடமெல்லாம் அடைமொழி எழுத வேண்டும். லாரி வருவதற்குள் முடியாது. கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

"நம்ம ஆளுங்க சொல்லுத மாதிரியே வையி. சைசு!"

உலகத்தில் எந்த லைப்ரரிக்காரனும் அந்தப் பெயரைத் தொட மாட்டான். ஒரே அழுத்தில் எல்லா 'சைஸ்'களையும் 'சைசு' ஆக்கினேன். பிழைகள் குறையவில்லை, வேறு பிழைகள் வந்தன. அவள் குனிந்து பார்த்துவிட்டு முழங்கையால் என் தோளில் இடித்தாள்.

"ஏட்டி, லைப்ரரியோட சைஸையும் சைசு ஆக்கிட்ட!"

வேறு பெயரோடு ஒட்டி வருவதால் மோதாமல் கிடந்த, மொழிக்குச் சொந்தமான பழைய சைஸ்களும் அந்தப் புரோகிராமில் பல இடங்களில் இருந்தன. செய்ததை ரத்து செய்து, அவள் மூக்கால் திரையைக் காட்டக் காட்ட, எங்களுடையதை மட்டும் பைய மாற்றிக்கொண்டு போனேன். கடைசிப் பிழையும் போனதும் அவள் அப்பா ஒரு காயை பெல்ட்டில் வைத்தார். அது நகர்ந்து, தகடு பட்டு, நெட்டைக் கூடையில் போய் விழுந்தது. அவள் கத்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்ததில் என் முதுகெல்லாம் மருதாணி. அவள் உள்ளங்கைக் கோலம் பாதி கலைந்துபோனது. அவள் அம்மாவிடம் இருவரும் சேர்ந்துதான் திட்டு வாங்கினோம்.

மறுநாள் மண்டபத்தில், தாலி கட்டி முடிந்த கையோடு, அவள் அப்பா மாப்பிள்ளையின் பெரியப்பாவை ஓரமாகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, என் மக ஒரு பேரு வச்சா. அது நல்லாருக்குன்னு அந்தக் கம்ப்யூட்டர்காரங்களே எடுத்துக்கிட்டாங்கன்னா பாத்துக்கிடுங்க!"

மேடையில் மாலையும் கழுத்துமாக நின்றவள் காதில் அது விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். போட்டோக்காரர் எவ்வளவோ சொல்லியும் அதன்பிறகு அவளால் வாயை மூடிச் சிரிக்க முடியவில்லை.