நாற்பது ஜிபி காலி இடம்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் வந்து என் மேஜையை முகர்ந்து பார்க்கலாம். மூன்று முறை கழுவியும் நாற்றம் போகவில்லை. நடந்தது அத்தனையும் உண்மை. அதுவும் பட்டப்பகலில்.

என் தங்கை வீடுகளுக்கு வரைபடம் போடுபவள். வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில், ஒரு வீட்டின் படத்தை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அனுப்பினால்தான் வேலை. மூன்றரை மணிக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் ரிப்பேர் கடைக்கு ஓடி வந்தாள்.

"அண்ணா, படம் சேவ் ஆக மாட்டேங்குது. இடமே இல்லையாம்."

"கண்ட குப்பையையும் போட்டு வச்சா?"

"நான் எங்க போட்டேன்? போன வாரம்தான் பழைய சாமான் கடையில வாங்கினேன்."

மூடியைக் கழற்றினேன். சீ! விசிறியில் முடி. கொத்தாக, பிசுபிசுவென்று, ஈரமாக. இடுக்கியால் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

3.52. ஹார்டு டிஸ்க்கைப் பார்த்தேன். சி டிரைவ் நிரம்பி வழிந்தது. அதை ஒட்டியே நாற்பது ஜிபியில் பெயரில்லாத ஒரு பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் தனியாகத் தடுத்து வைத்த பகுதி. உள்ளே ஒன்றுமே இல்லை. அதை அழித்து, அந்த இடத்தை சி டிரைவோடு சேர்த்துவிட்டால் போதும்.

"இடத்தைக் காலி பண்ணுப்பா," என்று சொல்லிக்கொண்டே அழித்தேன். என் வாய் எங்கே சும்மா இருக்கும்!

4.07. பார்ட்டிஷன் திரும்பி வந்திருந்தது.

மறுபடி அழித்தேன்.

4.15. மறுபடி வந்தது. இப்போது அதற்குப் பெயர் இருந்தது.

'ஆள் இருக்கு.'

"விளையாடாதண்ணா."

"நான் கீபோர்டையே தொடலை."

நாற்றம் கிளம்பியது. செத்த எலி... இல்லை, எலியைவிடப் பெரிது. தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

டொக்... டொக்...

டிஸ்க்குக்குள்ளிருந்து.

"அண்ணா, வேலை போயிடும்..." அழுதேவிட்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தேன். அழித்த கையோடு சி டிரைவில் சேர்த்தேன்.

4.41. சேர்ந்தது.

மவுஸ் வழவழத்தது. உள்ளங்கையில் ஏதோ ஒட்டியது...

த்தூ!

4.56. படம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை வேலை தருவதாகச் சொன்ன இடத்திலிருந்து தங்கைக்குப் போன் வந்தது. "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாத்ரூம்ல எதுக்கு ஒரு ஆள் விழுந்து கிடக்கிற மாதிரி வரைஞ்சிருக்கீங்க? பார்க்கவே அருவருப்பா இருக்கு." வேலை போச்சு. சத்தியமாக அவள் வரையவில்லை.

நேரே பழைய சாமான் கடைக்குப் போய் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். கடைக்காரர் தலை குனிந்தார்.

"தனியா ரூம் எடுத்திருந்த ஒருத்தரோடதுங்க. பொது பாத்ரூம்ல செத்துட்டாரு. பதினொரு நாள் கழிச்சு, நாத்தம் தாங்காமத்தான் கதவை உடைச்சாங்க. முதல் நாளே உயிர் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாராம்."

"பதினொரு நாளா ஒருத்தரும் கதவைத் தட்டலையா?"

"தினமும்தான் தட்டினாங்க. உள்ளயிருந்து பதில் வந்துச்சாம்."