அம்மா சொன்ன சாட்சி

துவாரகாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே யாரோ பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். புகை மாடிவரை வந்தது.

சின்ன வயதில் நாங்கள் இருந்த சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே அம்மா ரேடியோவை அணைத்துவிடுவாள். குடித்துவிட்டு வரும் அவருக்குப் பாட்டு ஆகாது, தட்டு பறக்கும்.

ஒரு நாள் ஜெபக்கூட்டத்தில் அப்பா முழங்காலில் நின்று அழுதார். இரட்சிக்கப்பட்டார் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில், கர்த்தர் செய்த அற்புதத்தை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் ஒருவர் தரிசனம் கண்டதாகச் சொன்னார். பிறகு அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

“நேத்து இவங்க ஆபீஸ் விட்டு வந்து, ‘நீ சாப்ட்டியா’ன்னு கேட்டாங்க. இதுவரைக்கும் கேட்டதே இல்ல.”

அற்புதம் இனிமேல்தான் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.