மாமரத்திடம் சொல்லவில்லை

காளவாசலுக்கு மேற்கே, மாடி வீடுகளுக்கு நடுவிலும் மரம் வைத்திருக்கும் சிலருக்குக் காசிமாயனைத் தெரியும். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டச் சொன்னால் தலை சுற்றுகிறது என்பார். நாற்பதடி உயர மரக்கவட்டில் உட்கார்ந்து டீ குடிப்பார். மரம் வெட்டிப் பிழைக்கிறவர், மரத்தைக் கேட்காமல் ஓர் இலையைத் தொடமாட்டார். முதல் நாள் மாலையே வந்து அடிமரத்தில் உள்ளங்கையை வைத்து, "நாளைக்கு வாரேன். குடியிருக்கிறவுக எறங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். குடியிருப்பது பறவை மட்டும்தானா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம்.

ஓய்வுபெற்ற கனகா டீச்சரின் மாமரம் சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டு அருள்பாண்டியின் மாடியில் இருந்த சோலார் தகடுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த நிழலை அவர் கேட்கவில்லை. ஞாயிறு பத்து மணிக்கு மிஷின் வாள் வரும், தன் பக்கம் நீட்டியதையெல்லாம் வழித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அப்படிச் செய்தால் ஒரு பக்கமே கனத்து, அடுத்த பெருங்காற்றில் மரம் சாய்ந்துவிடும். அதற்குள் அளவாகக் கழித்துவிட, "மரத்தைக் கழிக்கணும், வாங்க" என்று டீச்சர் காசிமாயனுக்குப் போன் செய்தார்.

சனி மாலை அவர் வந்தபோது டீச்சர் வீட்டில் இல்லை. தோட்டத்தில் ஒரு வேம்பும் தலைவிரித்து நின்றது. தொழில் தெரிந்தவர் யாரையும் விசாரிப்பதில்லை. வேம்பிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டீச்சர் மாமரத்தைக் காட்டினார். காசிமாயன் அரிவாளைக் கீழே வைத்தார்.

"இதுகிட்ட நான் சொல்லலையே டீச்சர்."

"இப்பச் சொல்லுங்க."

"ஒரு ராத்திரியாச்சும் குடுக்கணும்ல?"

"பத்து மணிக்கு மிஷின் வந்துரும்யா!" டீச்சர் கடிகாரத்தைக் காட்டினார்.

மொட்டை மாடியிலிருந்து அருள்பாண்டி சிரித்தார். "என்னண்ணே, மரத்துக்கு நோட்டீஸா? நான் மூணு வருசமாப் பல்லு வெளக்கும்போதெல்லாம் 'ஒன்னய வெட்டாம விடமாட்டேன்'னு அதுகிட்டச் சொல்லிக்கிட்டுத்தேன் இருக்கேன்!"

காசிமாயன் முகம் தெளிந்தது. "அப்பச் சரி. சொல்லியாச்சு. எந்தக் கொப்பச் சொன்னீக?"

"எந்தக் கொப்பா?"

"சொன்னதத்தேன் வெட்டலாம். சொல்லாதத வெட்டப்பிடாது. நீங்களும்தேன்."

அருள்பாண்டி எல்லாவற்றையும் என்று சொல்ல வாயெடுத்தார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சத்யப்ரியா திரும்பிப் பார்த்தார். "பொய் சொல்லாதீக. தகடுக்கு மேல கெடக்கே, அந்தத் தடிக்கொப்பத்தேன தெனமும் வைவீக?"

அருள்பாண்டி மரத்தைப் பார்த்தார். மரத்தை வைத்துக்கொண்டு எப்படி மாற்றிச் சொல்வது? "ஆமா. அது ஒண்ணுதேன்" என்றார். மிஷின்காரருக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்றார்.

காசிமாயன் ஏறினார். கொப்பில் கயிறு கட்டி, பட்டை கிழியாமலிருக்க கைவாளால் முதலில் அடியில் பாதி அறுத்தார், பிறகு மேலே. கயிற்றின் மறுமுனையை அருள்பாண்டியே பிடித்துக்கொண்டார். இலையோடு கொப்பு மெல்ல, தூக்கம் கலையாத பிள்ளையைக் கிடத்துவதுபோல், இறங்கியது. தகடுகள்மேல் வெயில் வந்து படுத்தது. மிச்ச மரம் ஒருமுறை சிலிர்த்து, நேராக நின்றது.

"எறங்குங்கண்ணே, வேலை முடிஞ்சிருச்சுல்ல!" என்றார் அருள்பாண்டி.

"வாரேன், வாரேன்."

காளவாசல் ஹாரன்களெல்லாம் அந்த உயரத்தில் எங்கோ தண்ணீர் ஓடுவதுபோல் கேட்டிருக்க வேண்டும். முசுறு எறும்புகள் முழங்கையில் ஊர்ந்துகொண்டிருந்தன. கவட்டில் உட்கார்ந்தவர் இன்னும் இறங்கவில்லை.