நகல் சர்வாதிகாரியும் ஷரிபுதீன் சேரின் எதிரியும்

செத்துப்போன சர்வாதிகாரியின் பல்லிலிருந்தோ தலைமயிரிலிருந்தோ இன்னொரு சர்வாதிகாரியை உண்டாக்க முடியாது என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சாய்ந்தமருதில் எவரும் ஷரிபுதீன் சேரிடம் ஒப்படைக்கவில்லை. இருந்தும், ஓய்வுபெற்ற அந்த உயிரியல் ஆசிரியர் அதை வெள்ளிக்கிழமை தவறாமல் செய்துவந்தார்.

மகள் றிபாவுக்குச் சீதனமாகக் கொடுத்த மாடிவீட்டின் பின்னறையில் அவர் இருந்தார். றிபா குடும்பத்தோடு கட்டாரில். முன்வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி மௌத்தாகி, அடக்கம் செய்து நாளாயிற்று. விஞ்ஞானத்தைக் கேட்க மிஞ்சியிருந்தவர் படகு எஞ்சின் திருத்தும் மீராசாஹிபு மட்டும்தான். ஜும்ஆவுக்குப் பிறகு கச்சான் கடலைப் பையோடு வருவார். இருவரும் தமிழ் பேசும் வெளிநாட்டுப் படம் பார்ப்பார்கள். இரகசியத் தீவு, கண்ணாடித் தொட்டி, தொட்டிக்குள் முழு மீசையோடு சர்வாதிகாரி.

"மீசையோட வாறதா?" என்று சேர் தொடங்குவார். "செம்மறியாடு, குரங்கு வரைக்கும் நகல் செஞ்சிட்டாங்க, ஓம். மனிசன செய்தாலும் குழந்தையாத்தான் பொறப்பான். ஒரு தாய் சுமக்கணும், பால் குடுக்கணும், பள்ளிக்கூடம் அனுப்பணும். அவன் வளந்து ஆள வாறதுக்குள்ள சதி செஞ்சவனுகள் எல்லாம் சீனி வருத்தத்துல போயிருவானுகள்."

"போடா மச்சான்! எஞ்சின் ஒண்டுதான் எண்டா சத்தமும் ஒண்டுதான். கொடும ரத்தத்துல இரிக்கி." மீராசாஹிபு கச்சான் கோதைத் திரையில் எறிவார். "ஒன்னட்டப் படிச்ச புள்ளையள் எப்பிடித்தான் பாஸாகினதோ!"

இந்த அவமதிப்புக்காகவே சேர் அடுத்த வெள்ளி வரை காத்திருப்பார்.

சென்ற நோன்புக்குச் சற்று முன் மீராசாஹிபு மாரடைப்பில் மௌத்தானார். விஞ்ஞானம் எதிரியில்லாமல் தவித்தது. தனியாகப் படம் பார்த்த சேர், ஒருநாள் பூட்டிய முன்வீட்டைப் பார்த்து வாதத்தைச் சொல்லிப் பார்த்தார். முன்வீடு மறுப்புத் தெரிவிக்கவில்லை.

பிறகு ஒரு காணி விசயமாக மீராசாஹிபுவின் இரட்டைச் சகோதரர் உதுமாலெவ்வை புத்தளத்திலிருந்து வந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து மனைவியின் ஊரே அவருடைய ஊர். ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்தவர்கள். ஆய்வுகூடத்தின் உதவியின்றி ஆண்டவன் எடுத்த நகல் என்று சேரே வகுப்பில் இவர்களை உதாரணம் காட்டியிருக்கிறார். அதே வழுக்கை, அதே கரகரத்த தொண்டை. பள்ளிவாசலில் அவரைக் கண்டதும் சேர் தமது வாழ்நாள் கொள்கையைத் தற்காலிகமாக ஒத்திவைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்ட வாங்க. ஒரு படம் இரிக்கி."

உதுமாலெவ்வை வந்தார். கோதுகளைப் பத்திரிகைத் தாளில் ஒழுங்காகச் சேர்த்தார். தொட்டியில் சர்வாதிகாரி எழுந்தான். சேர் படத்தை நிறுத்தினார்.

"இது நடக்காது. குழந்தையாத்தான் பொறப்பான்."

"ஓம் சேர், அதுதானே."

"உடம்பு ஒண்டு எண்டாலும் ஆள் ஒண்டில்ல."

"சரியாச் சொன்னீங்க சேர்."

அந்தக் குரலிலிருந்து ஒப்புதல் சேரின் காதில் விழுவது அதுவே முதல் தடவை. கொள்கை வென்றுவிட்டது. மறுக்க முடியாத சான்று கண்முன்னே கச்சான் தின்றுகொண்டிருந்தது. கடைசி முயற்சியாகச் சேர் கட்சி மாறினார்.

"இல்ல, நான் சொன்னது பிழ. கொடும ரத்தத்துல இரிக்கி. அதே ஆள்தான் திரும்பி வருவான்." மேசையில் அடித்தார். "எனக்குக் கிறுக்கு எண்டு சொல்லுங்களன்!"

உதுமாலெவ்வை மரியாதையாக எழுந்தார். "அதுவும் சரிதான் சேர். நீங்க படிச்ச மனிசன். அசறுத் தொழுகைக்கு நேரமாகுது, வாறன்."

சேர் வாசலில் நின்று பார்த்தார். பின்பக்கத்திலிருந்து பார்க்க அது மீராசாஹிபுவேதான். ஒழுங்கைப் பாதை முடியும்வரை அவர் திரும்பிப் பார்த்து மரியாதையாக ஸலாம் சொல்லிவிடக் கூடாதே என்றிருந்தது சேருக்கு.