கறுப்பைத் தேய்த்த ஆயுத பூஜை

எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு போல்ட் கம்பெனியில் பயிற்சி இன்ஜினியராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் வேலை, இல்லையென்றால் ஊருக்கு பஸ். ஐந்தாவது மாதம் ஆயுத பூஜை வந்தது.

பூஜைக்கு முந்தின நாள் மெஷின்களைத் துடைப்பது வழக்கம். மற்றவர்கள் வெளிப்பக்கம் துடைத்தார்கள். நான் படித்தவன் அல்லவா, போல்ட் கடையும் ஆட்டோ லேத்தின் மூடியையே கழற்றினேன். உள்ளே கேம் என்கிற வட்டத் தகடு. அதன் விளிம்பில் ஒரு இரும்புக் கை உரசிக்கொண்டே போய் வெட்டும் கத்தியைத் தள்ளும். விளிம்பு முழுக்க ஒரே கறுப்பு. மண்ணெண்ணெயும் எமரி பேப்பருமாக இரண்டு மணி நேரம் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது. தகட்டின் நடுவில் குங்குமப் பொட்டும் வைத்தேன்.

விடுமுறை முடிந்து ஓட்டியதும், மதியத்துக்குள் மெஷின் அலறியது. சேக்காட்டிலிருந்து சைக்கிளில் வரும் ஆபரேட்டர், என் வயதுக்காரர், மூடியைத் திறந்தார். விளிம்பெல்லாம் கீறல்.

“இன்னா சார், கல்யாண மாப்ள கணக்கா மினுக்கி வச்சுகீறீங்க?”

“அழுக்கா இருந்துச்சு…”

“அழுக்கா? உங்க ஊட்டு தோசக்கல்லு கறுப்பா கீதுன்னு சாம்பல் போட்டுத் தேச்சுப் பாருங்க. அப்பால தோச எப்டி வருதுன்னு வந்து சொல்லுங்க.”

பல வருடம் கழித்துத்தான் புத்தகத்தில் படித்தேன்: அழுத்தமும் உரசலும் சேர்ந்தால் எண்ணெயே உடைந்து, இரும்பின் மேல் கரியால் ஒரு மெல்லிய தோல் போர்த்துகிறது. தேய்வது அந்தத் தோல். தேயத் தேயப் புதிதாக வளரும். இரும்பு பிழைத்துக்கொள்ளும். அந்தத் தோலைத்தான் பக்தியோடு உரித்திருந்தேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஊருக்குப் போகும் பஸ் மட்டும்தான்.

மேனேஜர் வந்தார். ஆபரேட்டர் முந்திக்கொண்டார்.

“பூஜைக்கு உள்ள தொடைக்கச் சொன்னது நாந்தான் சார். கீறல கல்லால தேச்சு, மெதுவா ஓட்டிப் பழக்கிடறேன். மூணு நாள் குடுங்க.”

மேனேஜர் கேமில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆபரேட்டரிடம் மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள், வெட்ட இரும்பு கொடுக்காமல் மெஷினை வெறுமனே, மெதுவாக ஓட்டினோம். நான் எண்ணெய்க் குவளையோடு பக்கத்திலேயே நின்றேன். மூன்றாம் நாள் சாயங்காலம் விளிம்பில் லேசாகப் பழுப்பு ஏறியது. ஒரு பொருள் கறுப்பதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

வேலை நிரந்தரமானது. அடுத்த ஆயுத பூஜைக்கு ஆபரேட்டர் லேத் மூடியின் மேலே சந்தனம் வைத்துவிட்டு, என் கையில் துணியைத் திணித்தார்.

“சார், நீங்க ஜன்னல தொடைங்க.”

பட்டறையின் அத்தனை ஜன்னல்களையும் துடைத்தேன், மனதாரவே.