‘அதிகம்’ வந்தால் கூட்டல்

தவறு என்று தெரிந்தே ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன்... இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு! பொறாமையால்தான். வேறு காரணம் தேடி நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

ஊரிகத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக நான் ஆசிரியை. கழித்தல் என்றால் எடுத்துவிடுவது. எட்டு மிட்டாயில் மூன்றைத் தின்றால் மிச்சம் எவ்வளவு? இதை வைத்தே காலம் தள்ளினேன். யாரும் குறை சொன்னதில்லை.

பிறகு சுகன்யா வந்தாள், படிப்பு முடித்த கையோடு. ஒரு நாள் தன் இரண்டாம் வகுப்பை மைதானத்தில் எதிரெதிராக நிறுத்தினாள். ஒரு வரிசையில் ஒன்பது பேர், மறு வரிசையில் ஐந்து பேர். எதிரில் நிற்பவரோடு கைகோக்கச் சொன்னாள். நான்கு பேருக்கு ஜோடி இல்லை.

“யாருமே போகல, ஆனா இதுவும் கழித்தல்தான். இந்த வரிசைல எத்தன பேர் அதிகம்?”

“நாலு!”

சன்னலில் நின்று பார்த்த எனக்கு வயிறு எரிந்தது! இத்தனை ஆண்டுகளில் எனக்கு ஏன் இது தோன்றவில்லை? போதாக்குறைக்கு, அந்த வகுப்பில் படிக்கும் தேவி என்ற பெண்ணின் அம்மா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா டீச்சர், சுகன்யா மிஸ் வந்தப்புறம் எங்க பாப்பா கணக்குன்னா குதிக்குது!”

சிரித்துவைத்தேன்.

கல்வி அலுவலர் வருவதற்கு முதல் நாள் சுகன்யாவுக்குக் காய்ச்சல். அவள் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். ‘அதிகம் என்று வந்தால் கூட்ட வேண்டும்’ எனப் பலகையில் எழுதிப் பத்து முறை சொல்லவைத்தேன். தேவி மட்டும் எழுந்தாள்.

“மிஸ்ஸு வேற மாதிரி சொன்னாங்களே டீச்சர்?”

“அவங்க நேத்து வந்தவங்க. உட்காரு.”

மணி அடித்ததும் பலகையை நானே துடைத்தேன்.

மறுநாள் சுகன்யாவும் வந்துவிட்டாள். அலுவலர் கேட்டார்: “ராணிகிட்ட ஒன்பது பென்சில், மீனாகிட்ட அஞ்சு. ராணிகிட்ட எத்தன அதிகம்?”

“பதினாலு!” வகுப்பே முழங்கியது. சுகன்யாவின் முகம் வெளுத்துப்போனது. தலைமையாசிரியை பிறகு என்னிடம் கேட்டபோது, “புது முறை... பிள்ளைங்க குழம்பிட்டாங்க போல” என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்த வார்த்தை!

அடுத்த ஆண்டுக்கு அவளை எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பங்காருபேட்டையில் ரயிலேறிப் பெங்களூரில் ஏதோ அலுவலகத்துக்குப் போகிறாளாம். என்னிடம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை... பிள்ளைகள் சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

தேவி இப்போது என் மூன்றாம் வகுப்பில். போன வாரம் நானும் இரண்டு வரிசை நிறுத்தினேன், சுகன்யா செய்த மாதிரியே. ஒன்பது, ஐந்து. எத்தனை அதிகம்? ஜோடியில்லாத நான்கு பேரையும் தேவி விரல்விட்டு எண்ணினாள். பிறகு சிலேட்டில் பதினான்கு என்று எழுதினாள்.

“நாலு பேர்தானேம்மா ஜோடியில்லாம நிக்கறாங்க?”

“ஆமா டீச்சர், நாலுதான் கீறாங்க. ஆனா அதிகம்னு வந்தா கூட்டணும்னு நீங்கதானே சொன்னீங்கோ?”

அது தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பாளே! வகுப்பே என்னைப் பார்த்தது.

“உட்காரு” என்றேன்.