நான் தாண்டிப் போன வீடு

சனிக்கிழமை என்றாலே எனக்கு ஆகாது. பள்ளிக்கூடம் விடுமுறை என்று மற்ற டீச்சர்கள் எல்லாம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் நிற்க வேண்டும். பிடியரிசி சேர்க்கிற வேலை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியாகப் போட்டு வைப்பார்கள். வாரம் ஒருமுறை சபையிலிருந்து ஒருத்தி போய் அதை வாங்கி வருவாள். மாதக் கடைசியில் இல்லாதவர்களுக்குப் பங்கிடுவார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இது சர்வ சாதாரணம். பர்கூருக்கு வேலைக்கு வந்த புதிதில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இதைப் போதகரின் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். "நல்ல யோசனை, நீயே செய்" என்று மறுநாளே பையைத் தைத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அறுபதுகளின் கடைசி அது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே பெரிய பாடு. இந்தப் பக்கத்தில் தினமும் யார் வீட்டில் சோறு பொங்கினார்கள்? எல்லாம் களிதான். ஒரு வீட்டில் கேழ்வரகு போடுவார்கள், அடுத்த வீட்டில் கொள்ளு, அதற்கடுத்த வீட்டில் தவிடும் நொய்யுமாக ஏதோ ஒன்று. அத்தனையும் ஒரே பையில் விழும். ஞாயிறு மத்தியானம் முழுக்க முறத்தோடு உட்கார்ந்து புடைத்துப் புடைத்துத் தும்மிக்கொண்டிருப்பேன். ஏழைகளின் காணிக்கை என்று போதகர் பிரசங்கம் செய்தால் எனக்குக் கண் கலங்கும். அதே காணிக்கை வண்டோடும் கல்லோடும் என் முறத்துக்கு வந்தால் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

எல்லாரையும்விட என் பொறுமையைச் சோதித்தவள், மலையடிவாரத்தில் ஜல்லி உடைக்கிற ஒருத்தி. அவள் புருஷனும் கல் உடைத்தவர்தான். தூசி நெஞ்சில் இறங்கி, இருமிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். மாதக் கடைசியில் தானியம் வாங்குகிறவர்கள் பட்டியலில் முதல் பெயர் அந்த வீடு. ஆனால் சனிக்கிழமை தவறாமல் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பிடி கேழ்வரகோடு வாசலில் நிற்பாள்.

"என்னம்மா கூத்து இது? இந்தக் கையால குடுத்துட்டு அந்தக் கையால வாங்குதியளே, அந்தப் பிடியை வீட்டுலயே வச்சுக்கிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற டீச்சரம்மா" என்றாள். "அது சபை எங்களுக்குக் குடுக்கறது. இது நாங்க ஆண்டவருக்குக் குடுக்கறது."

முணுமுணுத்துக்கொண்டே பையை விரித்தேன்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. களி கிண்டின வீடுகளில் கூழ் காய்ச்சினார்கள். கூழ் காய்ச்சின வீடுகளில் அதுவும் தண்ணீராய் ஓடியது. இனிமேல் அவளிடம் வாங்குவதில்லை என்று நானாகவே முடிவு செய்தேன். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அதனால் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துக் குடிசைகளில் வாங்கிக்கொண்டு, அவள் குடிசை வந்ததும் குனிந்த தலை நிமிராமல் தாண்டிப் போனேன். சிரட்டையோடு அவள் வாசலில் நிற்பது ஓரக்கண்ணில் தெரியும். எவ்வளவு இரக்கம் எனக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்படியே மூன்று வாரம்.

நாலாம் சனிக்கிழமையும் அப்படியே தாண்டி வந்து, வீட்டில் செருப்பைக் கழற்றியிருப்பேன், பின்னாலேயே வந்து நின்றாள். தலையெல்லாம் கல் தூசி. முந்தானையில் ஒரு முடிச்சு.

"எங்களை எப்போ சபையை விட்டுத் தள்ளினீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு தள்ளுனா?"

"நாலு வாரமா எங்க பிடிய நீங்க வாங்கல. வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்துடுச்சு. நான் செத்தா கல்லறையில எடம் குடுப்பாங்களா, வெளியில எங்கயாச்சும் பொதைச்சுடுவாங்களான்னு கேட்டு அழுவுறாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சபையில் ஒரு குடும்பத்தைத் தண்டனையில் வைத்தால் முதலில் நிறுத்துவது அவர்கள் காணிக்கையைத்தான். ஊருக்கே தெரிந்த வழக்கம். எனக்கும் நன்றாகத் தெரியும். இவ்வளவு படித்த மண்டையில் அது மட்டும் ஏறவில்லை!

"ஐயோ, உங்க கஷ்டத்தைப் பாத்துதான..."

"கஷ்டம் எங்களுதுதான? எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

வெட்கத்தில் எனக்குக் கோபம் வந்தது. "சரி, தப்புதான். அதை இங்கயே போடுங்க" என்று பையை நீட்டினேன். முந்தானை முடிச்சை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க வேணாம். எங்க வூட்டுக்கு வந்து வாங்குங்க. தாண்டிப் போனத எல்லாரும் பாத்தாங்க, வாங்கறதயும் பாக்கட்டும்."

அந்த உச்சி வெயிலில், வந்த வழியே திரும்பவும் இரண்டு மைல்! என் வீட்டு வாசல்வரை வந்துவிட்ட கேழ்வரகு, மறுபடி அவள் முந்தானையில் ஏறி எனக்கு முன்னால் நடந்தது. ஆண்டவரே, இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு நீர் எப்படித்தான் சமாளிக்கிறீரோ என்று வழி நெடுக முனகிக்கொண்டே போனேன்.

குடிசை வரிசை முழுக்க வெளியே வந்து நின்றது. தமிழில் ஒருத்தி கேட்க, தெலுங்கில் இன்னொருத்தி பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜல்லி உடைக்கிறவள் தன் புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து வாசலில் உட்கார வைத்தாள். அவரே நாலு பிடியையும் என் பையில் போட்டார். ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. போட்டு முடித்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க பிடி போட்டாச்சுங்களா டீச்சரம்மா?"

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். இரண்டு வருஷமாக அந்தப் பையைச் சுமக்கிறேன். என் வீட்டு உலையிலிருந்து ஒரு பிடிகூட அதில் விழுந்ததில்லை. சுமக்கிறவளிடம் யார் கேட்கப் போகிறார்கள்? எனக்கும் தோன்றவே இல்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். விடுவிடுவென்று உள்ளே போனாள். பானையைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. மூடிய கையோடு வந்து என்னை உரசி நின்றாள்.

"ஜனங்க பாக்கறாங்க, கைய நீட்டுங்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லி, கேழ்வரகை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "இது உங்க பிடி. போடுங்க."